தெருவில் கிடக்கும் நாயை எடுத்துத் தேற்றி, வீடு பார்த்துக் கொடுப்பது எப்படி

முடியெல்லாம் கொட்டி, தோல் யானைத்தோல் மாதிரி மடிப்பு விழுந்து, காது ஓரத்தில் பொருக்குத் தட்டிய நாய் ஒன்று டீக்கடை அடுப்போரமாகச் சுருண்டு கிடக்கும். முடி போன உடம்பில் சூடு தங்காது, அதனால்தான் அது அடுப்பை விட்டு நகர்வதில்லை. போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைப் பிரித்துப் போடுவார்கள். மைதாவும் சர்க்கரையும் அந்த நாய்க்கு எந்த விதத்திலும் உதவாது. அதற்குத் தேவை ஒரு மறைவான இடம், சரியான மருந்து, ஒரு பொறுப்பான ஆள், சுமார் மூன்று மாத காலம். மூன்றாவது மாதத்தில் அது எந்த வீட்டுக்குப் போகப்போகிறது என்பதை முதல் வாரத்திலிருந்தே மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். முதலில் நாயைத் தேற்றிவிடலாம், வீட்டை அப்புறம் பார்க்கலாம் என்று இருப்பவர்கள் வீட்டில்தான் ஒரு நாய் நான்காகிறது.

எல்லா நாயையும் எடுக்க வேண்டாம்

உடம்பு நன்றாக இருந்து, காது நுனியில் வெட்டு அடையாளமும் இருந்தால் அது கருத்தடை ஆன நாய். அந்தத் தெருவே அதன் வீடு. அதைத் தூக்கி வந்து கூண்டில் போட்டால் அதற்கும் நிம்மதி இருக்காது, உங்களுக்கும் இருக்காது. 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றுதான் சொல்கின்றன.

எடுக்க வேண்டியவை: நோயில் நடமாட முடியாதது, அடிபட்டது, தாயை இழந்த குட்டி, யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன வீட்டு நாய். இந்தக் கடைசி வகையைப் பார்த்தாலே தெரியும். லேப்ரடாரோ பக்கோ ஸ்பிட்ஸோ தெருவில் நின்றுகொண்டு போகும் ஒவ்வொரு ஸ்கூட்டரையும் எட்டிப் பார்க்கும். கழுத்தில் பெல்ட் இருந்த தடம் வளையமாகத் தெரியும். தெருவின் மற்ற நாய்கள் அதைச் சேர்க்காது.

கை வைப்பதற்கு முன் அந்தத் தெருவில் கேளுங்கள். இஸ்திரி போடுபவர், பூக்காரம்மா, ஏடிஎம் வாட்ச்மேன் ஆகிய மூன்று பேரைக் கேட்டால் அந்த நாயின் வரலாறு முழுக்க வந்துவிடும். யாராவது அதற்குச் சோறு வைக்கிறார்களா, எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, யாரையாவது கடித்ததா, எச்சில் ஒழுகியதா, குட்டி போட்டதா என்று விசாரியுங்கள். சோறு வைப்பவர் ஒருவர் இருந்தால் அவரிடம் சொல்லாமல் தூக்காதீர்கள். நாய் தேறிய பிறகு அதை எடுத்துக்கொள்ளப்போகிறவர் சில சமயம் அவராகவே இருக்கலாம்.

முதல் ஊசி உங்களுக்கு

நாய்களோடு பழகும் வேலையை எடுத்துக்கொள்கிறவர்கள் வெறிநோய்க்கான முன்தடுப்பு ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் நாள், 7-ஆம் நாள், பிறகு 21 அல்லது 28-ஆம் நாள் என மூன்று ஊசி. இதைப் போட்டிருந்தாலும் கடிபட்டால் மறுபடி ஊசி உண்டு, எண்ணிக்கைதான் குறையும். கடியோ கீறலோ பட்டவுடன் ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். கட்டும் போடாதீர்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஊசி இலவசம். முன்தடுப்பு ஊசி போடாதவருக்குத் தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவை என்பதைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். குட்டிதானே, பல் லேசாகத்தானே பட்டது என்று விட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். வெறிநோய் வந்த பிறகு மருந்து இல்லை.

குரல் மாறி ஊளையிடுவது, தாடை தொங்கிப்போவது, தண்ணீரை விழுங்க முடியாமல் தவிப்பது, கல்லையும் கட்டையையும் கடிப்பது, பின்கால் தள்ளாடுவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அந்த நாயைத் தொடாதீர்கள். கேட்டைச் சாத்தி ஆட்களை விலக்கிவிட்டு உள்ளாட்சிக்குச் சொல்லுங்கள். சென்னையில் மாநகராட்சியின் எண் 1913. தாடை தொங்கியதும் ‘தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கிறது’ என்று நினைத்து வாய்க்குள் கையை விடுவதுதான் இதில் நடக்கும் பெரிய விபத்து.

இடம்

14 நாள் தனியாக வைக்க ஓர் இடம் வேண்டும். பயன்படுத்தாத பாத்ரூம், கிரில் போட்ட பால்கனி, கார் ஷெட்டில் ஒரு மூலை, எதுவானாலும் தரை கழுவும் தரையாக இருக்கட்டும். மண் தரையில், குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் வரவைக்கும் பர்வோ கிருமி மாதக்கணக்கில், சில சமயம் வருடம் வரை உயிரோடு இருக்கும். தடுப்பூசி முடியாத குட்டி உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்தால், புது நாயை வேறு யாராவது வீட்டில் வையுங்கள்.

இரண்டு எவர்சில்வர் கிண்ணம், நான்கைந்து பழைய பருத்திப் பெட்ஷீட், கையுறை, அந்த அறைக்கு மட்டும் ஒரு ஜோடி செருப்பு, டிஜிட்டல் தெர்மாமீட்டர், பிளீச், ஒரு கிச்சன் தராசு, இவ்வளவு போதும். பினாயில் ஊற்றிக் கழுவினால் வாசனைதான் வரும், பர்வோ சாகாது. அழுக்கைச் சோப்பால் கழுவிவிட்டு, துணிக்குப் போடும் பிளீச் 1 பங்கு, தண்ணீர் 30 பங்கு கலந்து ஊற்றி 10 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். பிளீச்சோடு ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

பிடிப்பது

நோயில் சுருண்டு கிடப்பது எளிதில் வரும். மிரளும் நாய்க்கு நாலைந்து நாள் ஆகும். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே ஆள். அவித்த கோழித்துண்டை வைத்துவிட்டுப் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காதீர்கள், குனிந்து தலைமேல் கையைக் கொண்டுபோகாதீர்கள். கை முதலில் தொட வேண்டிய இடம் மார்பும் தோளும்.

நாட்டு நாயின் கழுத்து தலை அளவுக்கே அகலமாக இருக்கும். சாதாரணப் பெல்ட்டைப் போட்டு இழுத்தால் ஒரு பின்னடி, ஒரு தலையாட்டல், பெல்ட் உங்கள் கையில் இருக்கும், நாய் மெயின்ரோட்டில் இருக்கும். இழுத்தால் இறுகும் சுருக்குக் கயிறு ஒன்று, உடம்பில் மாட்டும் ஹார்னஸ் ஒன்று, இரண்டும் சேர்த்துப் போடுங்கள். கடிக்கும் என்று பயந்தால் காஸ் பேண்டேஜை மூக்குக்கு மேல் சுற்றி, தாடைக்குக் கீழ் குறுக்கிட்டு, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடலாம். மூச்சிரைக்கும் நாய்க்கும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் இதைச் செய்யக் கூடாது, மூச்சு அடைத்துவிடும்.

டாக்டரிடம் முதல் நாள்

வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன்பே மருத்துவமனை. வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. செலவு குறைவு, கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.

அங்கே கேட்டு வாங்க வேண்டியவை: எடை, காய்ச்சல் அளவு (38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் சரியான அளவு), ரத்த அணுக்கள், தட்டணு எண்ணிக்கை, உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பூச்சுப் பரிசோதனை, தோலைச் சுரண்டிப் பூச்சி பார்ப்பது. வீட்டு நாய் போலத் தெரிந்தால் மைக்ரோசிப் இருக்கிறதா என்றும் ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறப்புறுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டை நாய்க்கு வாரக்கணக்கில் ரத்தம் சொட்டினால் ‘பருவத்துக்கு வந்திருக்கிறது’ என்று தெருவில் சொல்வார்கள். பல நேரம் அது இனச்சேர்க்கையில் தொற்றும் கட்டி, காலிஃபிளவர் போல உள்ளே இருக்கும். ஆணுக்கும் வரும். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் கரைந்துவிடும். புற்றுநோய் என்ற பேரைக் கேட்டுப் பயந்து விட்டுவிடாதீர்கள். நாய்க்கு வரும் கட்டிகளில் இவ்வளவு நன்றாகக் குணமாகிறது குறைவு.

வீட்டில் இருக்கும் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால், புருஃபென், டைக்ளோஃபெனாக் மூன்றும் நாய்க்கு ஆபத்து. கால் நொண்டுகிறதே என்று அரை மாத்திரை கொடுத்து, குடல் புண்ணாகி ரத்தமாகக் கழிந்த நாய்கள் நிறைய.

சாப்பாடு: அவசரப்படாதீர்கள்

எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும் நாயைக் கண்டால் வயிறு நிறையப் போடத்தான் மனசு சொல்லும். அங்கேதான் தவறு. நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சோறு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து, முதல் நாள் ஆவலாகச் சாப்பிட்டது மூன்றாம் நாள் விழுந்துவிடும்.

10 கிலோ நாய் சும்மா படுத்திருக்கவே நாளுக்குச் சுமார் 400 கலோரி வேண்டும். குழைய வடித்த சோறு 150 கிராம், எலும்பில்லாத அவித்த கோழி 100 கிராம், அரை முட்டை சேர்ந்தால் அந்தக் கணக்கு வந்துவிடும். முதல் நாள் இதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இரண்டாம் மூன்றாம் நாள் பாதி. ஐந்தாம் நாள் முழு அளவு. வாந்தியோ கழிச்சலோ இல்லையென்றால் அடுத்த வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இருமடங்கு வரை ஏற்றலாம். உப்பு, மசாலா வேண்டாம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடாது. வெந்த எலும்பு ஊசி மாதிரி உடையும், கூடாது. பால் பெரும்பாலான நாய்க்குக் கழியும், அதற்குப் பதில் தயிர் இரண்டு ஸ்பூன். பிரியாணி மிச்சத்தில் இந்தத் தடைகளில் பாதி இருக்கிறது.

வாரம் ஒரு முறை எடை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு நீங்கள் எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். பூச்சி மாத்திரை எடைக்குத் தக்கபடி, பெரும்பாலும் 10 கிலோவுக்கு ஒன்று. இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஒன்று. மாத்திரை கொடுத்த மறுநாள் மலத்தில் சேமியா போலப் புழு வந்தால் பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்திருக்கிறது.

சொறி

தெருநாயை யாரும் தொடாமல் விடுவதற்கு முதல் காரணம் இதுதான். அதிலும் சரியான மருந்து கொடுத்தால் எல்லாவற்றையும்விடத் தெளிவாகப் பலன் தெரிவதும் இதில்தான்.

சொறி இரண்டு வகை. சிரங்குப் பூச்சியால் வருவது ஒன்று. காது ஓரம், முழங்கை, குதிகால், வயிறு ஆகிய இடங்களில் தொடங்கும், அரிப்பு தாங்காது. காது மடலின் நுனியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். அந்தப் பக்கத்துப் பின்கால் தானாகவே காற்றில் சொறிய ஆரம்பித்தால், பெரும்பாலும் இதுதான். இது மனிதருக்கும் ஒட்டும். முன்கையிலும் இடுப்பிலும் சிவந்த பொட்டுகளாக வந்து அரிக்கும். நாய்க்குக் குணமானால் நமக்கும் தானாக அடங்கும். சுரண்டிப் பார்த்ததில் பூச்சி தெரியவில்லை என்பதால் இது இல்லை என்று முடிவு செய்யக் கூடாது, இந்தப் பூச்சி கண்ணில் சுலபத்தில் சிக்காது.

இன்னொன்று டெமோடெக்ஸ். கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முன்காலிலும் முடி வட்டமாகக் கொட்டும். அரிப்பு குறைவு. ஒட்டாது. எதிர்ப்புச் சக்தி விழுந்த குட்டிகளிடம் அதிகம்.

இரண்டுக்கும் இன்று நல்ல மாத்திரை இருக்கிறது. ஃப்ளூராலேனர், அஃபாக்ஸோலேனர் வகை மாத்திரைகள் உண்ணிக்கென்று விற்பவை, சொறிப் பூச்சியையும் கொல்லும். எடையைச் சொல்லி டாக்டர் சீட்டோடு வாங்குங்கள். மிகச் சின்னக் குட்டிக்குக் கொடுக்கக் கூடாது, வலிப்பு வந்த நாய் என்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஐவர்மெக்டின் ஊசி விலை குறைவு, பலரும் போடுகிறார்கள். கோலி வகை நாய்களுக்கும் அதன் கலப்புகளுக்கும் அது உயிருக்கே ஆபத்து. எந்த நாயானாலும் அளவு கூடினால் நரம்பைத் தாக்கும். மாட்டுக்கு வாங்கிய பாட்டிலிலிருந்து குத்துமதிப்பாக எடுத்துப் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

மெக்கானிக் ஷாப்பின் கழிவு ஆயிலைப் பூசுவது ஊர் முழுக்க இருக்கும் வழக்கம். அந்த எண்ணெயில் கன உலோகங்கள் இருக்கின்றன. புண்ணான தோல் வழியாகவும் நக்கியும் அது உடம்புக்குள் போகும். பூச்சி மூச்சுமுட்டிச் சாவதற்குள் நாயின் கல்லீரல் கெடும். மண்ணெண்ணெயும் அப்படித்தான். ஏற்கெனவே யாராவது பூசியிருந்தால் சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தால் இரண்டு முறை கழுவுங்கள்.

பூச்சி மட்டும் செத்தால் போதாது. மேலே ஏறிய சீழ்த்தொற்றுக்கு டாக்டர் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் மூன்று நான்கு வாரம் போகும். பத்தாம் நாள் பளபளவென்று தெரிகிறதே என்று நிறுத்தினால் மறுபடி வரும், அடுத்த தடவை அந்த மருந்து கேட்காது. குளோர்ஹெக்ஸிடின் ஷாம்பு போட்டு வாரம் இரண்டு முறை குளிப்பாட்டுங்கள். நுரையை 10 நிமிடம் உடம்பிலேயே விட வேண்டும். அதற்குள் அலசினால் காசுதான் போகும். வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள். நடுங்கும் நாய்க்கு இரண்டு நாள் ஓய்வு கொடுத்து, வெயில் ஏறிய பதினோரு மணி வாக்கில் செய்யுங்கள். மூன்றாம் வாரம் முதுகில் பூனைமுடி போல மெல்லிய ரோமம் முளைக்கும். இரண்டு மாதத்தில் அது செவலையா, கறுப்பா, மரையா என்று தெரியும். முதல் நாளிலிருந்து வாரம் ஒரு போட்டோ, ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் எடுத்து வையுங்கள். பின்னால் வீடு தேடும்போது அந்த வரிசைதான் பேசும்.

உண்ணி, புழு

உண்ணி பெரும்பாலும் காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் இருக்கும். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். நகத்தில் வைத்து நசுக்காதீர்கள், ஸ்பிரிட் உள்ள மூடியில் போடுங்கள். எடுத்தால் வேலை முடிந்தது என்று இல்லை. ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கசிந்து, சாப்பிடாமல் கிடந்தால் உண்ணிக் காய்ச்சல். அதற்குக் காரணமான கிருமி எர்லிக்கியா என்றால் டாக்ஸிசைக்ளின் 28 நாள், ஒரு நாளும் விடாமல், சோற்றோடு. பபீசியா என்றால் மருந்தே வேறு, அதனால்தான் ரத்தப் பரிசோதனை.

புழு வைத்த புண்ணில் முதல் அடையாளம் வாடை. சுற்றிலும் முடியைக் கத்தரித்து, சலைனை சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சிக் கழுவி, மேலே வரும் புழுவை இடுக்கியால் எடுங்கள். மேலே பத்து தெரிந்தால் உள்ளே நூறு இருக்கும் என்று கணக்கு. காதுக்குள், கண்ணருகில், ஆசனவாயில் என்றால் வீட்டில் முயலாமல் டாக்டரிடம் போய்விடுங்கள். புழுவுக்குத் தூவும் நெகாசன்ட் போன்ற பொடி பூச்சிக்கொல்லி, நக்கினால் விஷம். கழுத்தில் கூம்புக் காலர் மாட்டாமல் அதைத் தூவக் கூடாது. பெட்ரோலும் பினாயிலும் சதையை எரிக்கும். மறுநாள் கட்டாயம் திறந்து பாருங்கள். ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வந்துவிடும்.

குட்டி என்றால்

குட்டி சாப்பிடாமல் மூலையில் போய் உட்கார்ந்தால் மாலை வரை பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். வாந்தி, பிறகு ரத்தமாக நாற்றமெடுக்கும் கழிச்சல் என்றால் பர்வோ. டிரிப்ஸ் ஏற்றினால் பல குட்டிகள் பிழைக்கும், தாமதித்தால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். கண்ணிலும் மூக்கிலும் கெட்டியான சளி, பிறகு தலையோ காலோ வெட்டி வெட்டி இழுத்தால் டிஸ்டெம்பர். நரம்பு அடையாளம் வாரங்கள் கழித்தும் வரலாம். அதனால்தான் எடுத்த மூன்றாம் நாளே குட்டியை ஆசையாகக் கேட்பவரிடம் கொடுக்கக் கூடாது என்கிறோம். அந்த வீட்டுப் பிள்ளை அதற்குப் பெயர் வைத்துக் கொஞ்ச ஆரம்பித்த வாரத்தில் அது செத்துப்போனால், அந்த வீடு இனி நாய் பக்கமே வராது.

பர்வோ, டிஸ்டெம்பர் போன்றவற்றுக்குச் சேர்த்துப் போடும் கலப்புத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3–4 வார இடைவெளியில் 16 வாரம் வரை. வெறிநோய் ஊசி மூன்று மாதம் நிறைந்ததும், பிறகு ஆண்டுதோறும். பெரிய நாய்க்குக் கலப்பு ஊசி இரண்டு, வெறிநோய் ஊசி ஒன்று. வயது தெரியாத குட்டிக்கு வாயைத் திறந்து பாருங்கள். முன்பற்கள் விழுந்து புதிது வந்துகொண்டிருந்தால் நான்கு மாதத்தை ஒட்டி. கோரைப்பல்லும் புதிதாக வந்திருந்தால் ஆறு மாதம்.

கருத்தடையை நாய் தேறிய பிறகு செய்யுங்கள். உண்ணிக் காய்ச்சலில் தட்டணு குறைந்திருக்கும்போது கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. அறுவைக்கு முந்தின வாரம் ஒரு ரத்த அறிக்கை எடுத்துவிடுங்கள். தையல் ஆற பத்து நாள். அதுவரை கூம்புக் காலரைக் கழற்றக் கூடாது, நாய் எவ்வளவு பாவமாகப் பார்த்தாலும்.

வீட்டு வாழ்க்கை பழகட்டும்

தெருவில் வளர்ந்த நாய்க்கு மாடிப்படி தெரியாது. மொசைக் தரை வழுக்கும் என்று தெரியாது. குக்கர் விசில், மிக்ஸி, மேலே சுற்றும் ஃபேன், எல்லாமே பயம். முதல் மூன்று நாள் கட்டிலுக்கடியில் கிடந்தால் விட்டுவிடுங்கள். காலை எழுந்ததும், சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போய், சிறுநீர் கழித்தவுடன் ஒரு துண்டுக் கோழி. உள்ளே போய்விட்டால் மூக்கைத் தேய்த்து அடிப்பதில் பயனில்லை. அது உங்களுக்குத் தெரியாமல் சோபாவுக்குப் பின்னால் போகத்தான் கற்றுக்கொள்ளும்.

இதோடு ஒரு நோட்டு வையுங்கள். குழந்தையிடம் எப்படி, பூனையைக் கண்டால் எப்படி, தட்டில் கை வைத்தால் உறுமுகிறதா, தனியே விட்டால் எத்தனை நிமிடத்தில் குரைக்கிறது, ஹெல்மெட் போட்ட ஆளைக் கண்டால் என்ன செய்கிறது. வீடு பார்க்கும்போது இந்த நோட்டுதான் ஜாதகம்.

வீடு பார்ப்பது

வெள்ளை நிறக் குட்டி, இனநாய்க் கலப்பு, ஆண் ஆகியவை சீக்கிரம் போய்விடும். கறுப்பு, பெட்டை, வளர்ந்த நாட்டு நாய் ஆகியவற்றுக்கு மாதம் ஆகும். அதற்காக வருகிற முதல் ஆளிடம் கொடுக்க வேண்டாம்.

போட்டோவை நாயின் கண் மட்டத்துக்குக் குனிந்து, காலை வெளிச்சத்தில் எடுங்கள். ஒரு படத்தில் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும், அளவு தெரியும். எழுதும்போது ‘பாவப்பட்ட ஜீவன், யாராவது காப்பாற்றுங்கள்’ என்றால் பரிதாபப்படுகிறவர்கள் வருவார்கள், பரிதாபம் ஒரு மாதம் நிற்கும். இப்படி எழுதுங்கள்: ‘செவலைப் பெட்டை, சுமார் இரண்டு வயது, 14 கிலோ, இதற்கு மேல் வளராது. கருத்தடை, தடுப்பூசி முடிந்தது. குழந்தைகளோடு நன்றாக இருக்கும், பூனை உள்ள வீட்டுக்கு ஆகாது. பட்டாசுக்குப் பயப்படும்.’ குறையை மறைத்துக் கொடுத்த நாய்தான் திரும்பி வருகிறது.

போனிலேயே கேட்க வேண்டியவை: சொந்த வீடா வாடகையா, வாடகை என்றால் வீட்டுக்காரருக்குத் தெரியுமா. பகலில் வீட்டில் யார். நாய் எங்கே தூங்கும். ஊருக்குப் போனால் யார் பார்ப்பது. முன்பு நாய் வளர்த்தீர்களா, அது என்ன ஆனது. இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை நன்றாகக் கவனியுங்கள். ‘ஓடிப்போச்சு’ என்று இரண்டு நாய்க்குச் சொல்கிறவர் மூன்றாவதற்கும் அதையே சொல்வார். ‘மாடியில் கட்டிப்போடுவோம், ராத்திரி அவிழ்த்துவிடுவோம்’ என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் சிமென்ட் தளம் பாதத்தைப் பொசுக்கும். கட்டியே கிடக்கும் நாய் கடிக்கும். காவலுக்கு என்று கேட்பவரிடம், வீட்டுக்குள் வளரும் நாட்டு நாய்தான் கேட்டுக்கு வெளியே வரும் காலடியைக்கூட அடையாளம் கண்டு குரைக்கும் என்று சொல்லிப் பாருங்கள். சிலர் மனம் மாறுவார்கள்.

மகனுக்கு ஆசை, அம்மாவுக்கு விருப்பமில்லை என்ற வீட்டுக்குக் கொடுத்தால், மகன் காலேஜ் போனதும் நாய் தெருவுக்கு வரும். சோறு வைக்கப்போகிறவர் யாரோ அவர் சம்மதம்தான் சம்மதம். நேரில் போய் அந்த அம்மாவிடம் நீங்களே பேசுங்கள். போகும்போது கேட்டின் கம்பி இடைவெளி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் உயரம், வாசலிலிருந்து மெயின்ரோடு எத்தனை அடி, எல்லாம் பாருங்கள். நாயையும் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, அன்று கொடுக்காமல் திரும்பி வாருங்கள். இரண்டு நாள் கழித்து அவர்களே போன் செய்தால் நல்ல வீடு.

தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் எந்த நாயையும் கொடுக்காதீர்கள். புது வீடு, புது ஆள், மேலே பட்டாசு, ஓடினால் திரும்பும் வழி அதற்குத் தெரியாது.

கொடுக்கும் நாள்

நாய் தொலைவது பெரும்பாலும் முதல் வாரத்தில், அதிலும் வாசலில் செருப்பு மாட்டும் நேரத்தில். ஹார்னஸும் பெல்ட்டும் இரண்டும் போட்டே கொடுங்கள், இரண்டு வாரம் வீட்டு வாசலில்கூடக் கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். பெல்ட்டில் போன் எண் பொறித்த தகடு, 15 இலக்க மைக்ரோசிப். சென்னையில் மாநகராட்சியின் வளர்ப்புப் பிராணி உரிமம் கட்டாயம், அதற்கு வெறிநோய் ஊசிச் சான்று தேவை. அவர்கள் பெயரில் அன்றே விண்ணப்பிக்க உதவுங்கள்.

தடுப்பூசிப் புத்தகம், ரத்த அறிக்கைகள், கருத்தடைச் சான்று, உங்கள் நோட்டின் நகல், இப்போது சாப்பிடும் அதே சாப்பாடு மூன்று நாளுக்கு, அது படுத்த துவைக்காத பெட்ஷீட் ஒன்று. அந்த வாசனைதான் முதல் இரவுக்குத் துணை.

ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது, விற்கக் கூடாது, குட்டிக்கு வயது வந்ததும் கருத்தடை செய்ய வேண்டும், வைத்துக்கொள்ள முடியாவிட்டால் உங்களிடம்தான் திருப்பித் தர வேண்டும். கடைசி வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டி, ‘எத்தனை வருஷம் கழித்தானாலும் கூப்பிடுங்கள், கோபப்பட மாட்டோம்’ என்று சொல்லுங்கள். பயந்துகொண்டு சொல்லாமல் இருப்பவர்தான் நாயை பைபாஸில் இறக்கிவிடுகிறார்.

முதல் நாள் இரவு, மூன்றாம் நாள், முதல் வாரம், மாதம் என்று போன் செய்யுங்கள். மூன்றாம் நாள் ‘சாப்பிடவே இல்லை’ என்பார்கள், அது வழக்கம்தான். மூன்றாம் வாரம் ‘இப்போதுதான் வாலைத் தூக்குகிறது, ஆனால் செருப்பைக் கடிக்கிறது’ என்பார்கள். பயம் போய்ச் சுபாவம் வெளியே வருகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பொறுமையாகப் பேசினால்தான் நாய் அங்கே நிலைக்கும்.

மாதங்கள் போயும் வீடு அமையாவிட்டால்

வளர்ந்த பிறகு தெருவிலிருந்து எடுத்த நாய், கருத்தடையும் ஊசியும் முடிந்து, உடம்பும் தேறி, அந்தத் தெருவில் சோறு வைக்க ஆளும் இருந்தால், அது வாழ்ந்த அதே இடத்தில் விடலாம். மூன்று மாதத்துக்குள் என்றால் பழைய கூட்டம் சேர்த்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். வேறு தெருவில் விடாதீர்கள், அங்குள்ள நாய்கள் கிழித்துவிடும். பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து அப்புறப்படுத்தும் நாய்களைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. உள்ளாட்சி வழியாகத் தத்து எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்று அதே ஆண்டு ஆகஸ்ட் 22 உத்தரவு சொல்கிறது. குட்டியிலிருந்து வீட்டுக்குள் வளர்ந்தது, கண் தெரியாதது, காலில்லாதது, வயதானது ஆகியவற்றைத் தெருவில் விடவே கூடாது. அவற்றுக்கு இன்னொரு தற்காலிக வீடு தேடுங்கள்.

கொடுத்த நாய் திரும்பி வந்தால் முதல் இரண்டு நாள் பழைய இடத்தில், பழைய கிண்ணத்தில், தனியாக இருக்கட்டும். அந்த வீட்டாரிடம் என்ன நடந்தது என்று சண்டை போடாமல் கேளுங்கள். தனியே விட்டால் கதவைப் பிறாண்டியதா, பேரனைப் பார்த்து உறுமியதா, இல்லை வீட்டுக்காரர்தான் காலி செய்யச் சொன்னாரா. நாயிடம் உள்ள காரணம் என்றால் அதை நோட்டில் எழுதி, விளம்பரத்திலும் ஒரு வரியாகச் சேர்த்து மறுபடி போடுங்கள்.